நூறு சதவீதத்தில் விடுபட்டவர்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள் மதுரையில் எந்தச் சாலையில் போனாலும் பள்ளிக்கூட ஃபிளெக்ஸ் பலகைகள் கண்ணில் படும். தல்லாகுளம் முதல் திருநகர் வரை, ஊர் தாண்டி ஒத்தக்கடை, மேலூர், திருமங்கலம் வரை, ஒரே வாசகம்: நூறு சதவீதத் தேர்ச்சி. எந்த நூறு என்று யாரும் கேட்பதில்லை. அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தத் தேர்வை எழுதினார்கள், எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்புக்குள் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள், போனவர்களில் எத்தனை பேருக்குக் கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ இருந்தது என்ற கணக்கு எந்தப் பலகையிலும் ஏறுவதில்லை.

அப்படிப் போன பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசியவர்கள் கடுமையாகப் பேசியிருக்க மாட்டார்கள். கனிவாகத்தான் சொல்லியிருப்பார்கள். “அஞ்சாவது வரைக்கும் சமாளிச்சாச்சும்மா. ஹைஸ்கூல் படிப்பு வேற. உங்க பையனுக்கு இங்க செட் ஆகாது. பிள்ளையைப் போட்டு வதைக்காதீங்க. ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துருங்க, இல்லாட்டி வீட்டுல வெச்சு ஓப்பன் ஸ்கூல்ல எழுத வைங்க.” இதையே மாமனாரும் சொல்கிறார், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரும் சொல்கிறார், சில சமயம் மருத்துவரும் சொல்கிறார். பலரும் சொல்லிச் சொல்லி இது ஊரின் பொதுப்புத்தியாகவே ஆகிவிட்டது: தொடக்கப் பள்ளி எல்லோருக்கும் உரியது, உயர்நிலைப் பள்ளி முடிந்தவர்களுக்கு மட்டும் உரியது.

இந்தப் பொதுப்புத்தி தவறு. சட்டப்படி தவறு. கிடைத்திருக்கும் ஆய்வுகளின்படியும் தவறு. பிள்ளையின் நலன் என்று பேசிக்கொண்டே பள்ளியின் வசதியைக் காப்பாற்றுகிறது என்பதால் கூடுதலாகத் தவறு.

ஒன்பதாம் வகுப்புச் சல்லடை

இந்தப் பேச்சு ஏன் ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதும் ஒன்பதாம் வகுப்பு முடிவின்போதும் மட்டும் எழுகிறது? பிள்ளையின் குறைபாடு அந்த ஆண்டுகளில் திடீரென்று கூடிவிடுவதில்லை. மாறுவது பள்ளியின் கணக்கு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. ஒன்பதில்தான் ஒரு பிள்ளையை முதல்முறையாக நிறுத்திவைக்க முடியும். பத்தில் பொதுத்தேர்வு. ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண். ஒரே ஒரு பிள்ளை ஒரே ஒரு பாடத்தில் விழுந்தாலும் அந்த நூறு உடைந்துவிடும். தனியார் பள்ளிக்கு அது அடுத்த ஆண்டுச் சேர்க்கையைப் பற்றிய கவலை. அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு அது ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய சங்கடம்.

தேர்ச்சி சதவீதத்தைத் தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதை உயர்த்த இரண்டு வழி உண்டு. எல்லோருக்கும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பது கடினமான வழி. தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களை எழுதவிடாமல் செய்வது சுலபமான வழி. சுலபமான வழியில் போவதற்கு இரக்கத்தின் மொழி வேண்டியிருக்கிறது. ‘உங்கள் பிள்ளையால் எங்கள் ரிசல்ட் கெடும்’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆகவே ‘உங்கள் பிள்ளை பாவம்’ என்கிறார்கள்.

இது மதுரைக்கு மட்டும் உரிய நோயல்ல. மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வி குறித்து 2019-இல் யுனெஸ்கோ வெளியிட்ட இந்திய அறிக்கை, 5 முதல் 19 வயது வரையிலான மாற்றுத்திறன் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் எந்தக் கல்வி நிறுவனத்திலும் இல்லை என்றது. வகுப்பு ஏற ஏற அவர்களின் சேர்க்கை சரிந்துகொண்டே போவதையும் அது சுட்டிக்காட்டியது. படிக்க முடியாததால் பிள்ளைகள் தாங்களாகவே நின்றுவிடுகிறார்கள் என்பது பள்ளிகளின் விளக்கம். நிற்கும் இடம் எல்லாப் பள்ளிகளிலும் பொதுத்தேர்வின் வாசலாகவே இருப்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை.

‘ஹைஸ்கூல் படிப்பு வேற’

இனி அந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது, பாடம் கடினம் என்பது. உண்மைதான். ஆறாம் வகுப்பிலிருந்து பாடத்துக்கு ஓர் ஆசிரியர், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி, பக்கம் பக்கமாக நோட்டு எழுதும் வேலை. ஐந்து ஆண்டுகளாக ஒரே டீச்சரின் முகம் பார்த்துப் பழகிய ஆட்டிசக் குழந்தை இதில் தடுமாறும். எழுத்துகள் இடம் மாறித் தெரியும் டிஸ்லெக்சியாப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் பலகை அழிக்கப்பட்டிருக்கும்.

இந்தத் தடுமாற்றத்துக்கான தீர்வுகளில் பலவற்றுக்குக் காசும் தேவையில்லை, நிபுணரும் தேவையில்லை. பலகையில் எழுதியதை நகலெடுத்துக் கொடுத்துவிடலாம். வாரத் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டி, பதிலை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போடலாம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்காக மாடியிலுள்ள பத்தாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு இறக்கலாம். இதற்குத் தேவைப்படுவது தலைமையாசிரியரின் ஒரு கையெழுத்தும் மேசை நாற்காலிகளைத் தூக்கிவைக்க அரை மணி நேரமும்தான்.

பொதுத்தேர்வே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைப் பல ஆண்டுகளாக வழங்கிவருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இவற்றைச் சலுகை என்ற நிலையிலிருந்து அரசின் கடமையாக உயர்த்தியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்புக்குள் வராதவருக்கும், எழுத முடியாத நிலை இருந்தால், எழுதுபவரை மறுக்கக் கூடாது. ஆக, தேர்வு நடத்தும் துறை வளைந்துகொடுக்கத் தயாராக இருக்கிறது. தேர்வுக்குத் தயார்செய்யும் பள்ளி மட்டும் வளைய மாட்டேன் என்கிறது.

எத்தனை சலுகை கொடுத்தாலும் பத்தாம் வகுப்பில் தேற முடியாத பிள்ளைகளும் உண்டு. அறிவுசார் குறைபாடு அதிகமுள்ள குழந்தைகளைப் பற்றி இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், தேற மாட்டார் என்பது பள்ளியிலிருந்து வெளியேற்றக் காரணமாகுமா? குறைபாடு எதுவும் இல்லாத பிள்ளைகளும் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் தோற்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரிடம் ஐந்தாம் வகுப்பிலேயே போய் ‘உங்கள் பிள்ளைக்குச் செட் ஆகாது’ என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. காசை எண்ணிக் கொடுப்பது, பஸ்ஸில் ஏறி இறங்குவது, தோழனோடு சண்டை போட்டுச் சமாதானமாவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது ஆகியவையும் பதினெட்டு வயதுக்குள் கற்க வேண்டியவை. அவற்றைச் சம வயதுப் பிள்ளைகளோடு கற்பதற்குப் பள்ளியைவிட நல்ல இடம் ஏது?

ஓப்பன் ஸ்கூல் யோசனையையும் இங்கேயே தொட்டுவிடலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் சான்றிதழ் செல்லும். ஐந்து ஆண்டுகளுக்குள் பாடங்களை ஒவ்வொன்றாக எழுதி முடிக்க அது இடமளிக்கிறது. சிலருக்கு அது பொருத்தமான தேர்வும்கூட. ஆனால் அது தேர்வு மட்டும்தான். தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு போய்ச் சேர வேண்டிய இடத்தை அது தருவதில்லை. பதிவு செய்துவிட்டு வீட்டில் உட்காரும் பிள்ளைக்கு நாள் முழுக்கத் துணை அம்மாவும் டி.வி.யும்தான். அந்த அம்மா தன் வேலையை விட்டிருப்பார் என்பதையும் யோசனை சொன்னவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

‘எங்க டீச்சர்ஸுக்கு ட்ரெயினிங் இல்லை’

இரண்டாவது வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், உயர்நிலையில் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், இதற்கான பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் இந்த வேலையை வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் செய்கிறார்கள். ஒருவரே பல பள்ளிகளுக்குச் சுற்றி வருகிறார். சேடபட்டி, செல்லம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் அவர் அடியெடுத்து வைத்தால் அடுத்த பள்ளிக்குப் போகும் பஸ் நேரத்தையும் பார்த்துக்கொண்டேதான் பாடம் நடத்த வேண்டும். அவர்களுடைய ஊதியம் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணத்தை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-இல் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. மாநிலம் கேட்ட தொகை 2,152 கோடி ரூபாய். கொள்கைச் சண்டை டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே நடக்கலாம். அதற்கான அபராதத்தை ஓர் உசிலம்பட்டிப் பிள்ளையின் மேல் போடுவதற்கு இரு தரப்புக்கும் உரிமை இல்லை.

பயிற்சி இல்லை என்பதை முழுமையாக ஒப்புக்கொண்டாலும், அதிலிருந்து வரும் முடிவு ‘பயிற்சி கொடுங்கள்’ என்பதாகத்தான் இருக்க முடியும். ‘பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்ற முடிவு அதிலிருந்து எப்படி வரும்? ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லை என்றால் கணக்கு வராத பிள்ளைகளை வெளியே அனுப்புவதில்லை, வாத்தியாரைக் கேட்டு மனுப் போடுகிறோம். மேலும், இப்படிப்பட்ட பிள்ளைகள் வகுப்பில் இல்லாதவரை எந்த ஆசிரியரும் அவர்களுக்குக் கற்பிக்கப் பழகப் போவதில்லை.

‘மத்த பிள்ளைகள் படிப்பு கெடும்’

இதைச் சொல்வது பெரும்பாலும் மற்றப் பெற்றோர். பி.டி.ஏ. கூட்டத்தில் இதைக் கேட்டுத் தலைமையாசிரியர்கள் தடுமாறிப்போவதும் உண்டு. இதற்குக் கையில் பதில் இருக்கிறது. போலந்து ஆய்வாளர்கள் சிலர், பல நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்டார்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதால் மற்றப் பிள்ளைகளின் கல்வி கெடவில்லை. சிறிய அளவில் கூடியிருந்தது என்பதே அதன் முடிவு. இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரு பிள்ளைக்காகப் பாடத்தைத் தெளிவாக, படிப்படியாக, படம் காட்டிச் சொல்லித் தரும் ஆசிரியரிடம் வகுப்பு முழுவதுமே கற்கிறது.

கேலி செய்வார்கள், அடிப்பார்கள் என்ற அச்சம் வேறு வகையானது. இதைச் சொல்லும் பெற்றோரிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை, அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் பள்ளிக்கூடம் இதைச் சொல்லும்போது பொறுமையாக இருக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு தலித் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி கட்டலாம் என்று யாராவது சொன்னோமா? சொல்லியிருந்தால் நாடு காறித் துப்பியிருக்கும். பள்ளிகளைத் திருத்த என்ன வழி என்று கேட்டு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது அரசு. அடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் அடிபடுபவரை அப்புறப்படுத்துவது பதிலாகாது என்பது சாதி விஷயத்தில் நமக்குப் புரிகிறது. அதே நியாயம் காது கேட்காத பெண்ணுக்கும் கை நடுங்கும் பையனுக்கும் பொருந்தாமல் போவது எப்படி?

சிறப்புப் பள்ளி என்ற வலுவான வாதம்

மறுக்கக் கடினமான வாதம் இனிதான் வருகிறது. சிறப்புப் பள்ளியில் கவனிப்பு அதிகம், தகுந்த பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்பது. இதைக் கேலி பேசித் தள்ள முடியாது. எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் சுந்தரராஜன்பட்டியில் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை, தென்மாவட்டங்களில் பார்வையற்ற பலருக்குப் படிப்பும் பிழைப்பும் கொடுத்திருக்கிறது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே நடக்கின்றன. பிரெய்லும் கைத்தடி பிடித்துத் தனியாக நடக்கும் பயிற்சியும் அங்கே கிடைக்கும். நம் ஊர் மாநகராட்சிப் பள்ளியில் இன்று கிடைக்காது.

காது கேளாத பிள்ளைகள் விஷயத்தில் இந்த வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பிள்ளை, சேர்ந்து படிப்பதாகச் சொல்வது பொய். அந்தப் பிள்ளைக்குத் தன் மொழி பேசும் கூட்டம் வேண்டும் என்று ஒரு தாய் காது கேளாதோர் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அவர் தேர்வு சரி. அதை எதிர்த்து இந்தக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

கேள்வி, முடிவு யாருடையது என்பதுதான். 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. அந்த இரண்டில் எது என்பது குழந்தையின் விருப்பம் என்கிறது. தலைமையாசிரியரின் விருப்பம் என்று அதில் எங்கும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றது. இந்தச் சட்டம் வேண்டுமென்றே 18 வரை போகிறது. எட்டாம் வகுப்போடு உரிமை முடிந்துவிட்டதாக நினைக்கும் பள்ளிகள் படிக்க வேண்டிய வரி இது.

கவனிப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் விலையையும் பார்க்க வேண்டும். உயர் வகுப்புகள் வரை உள்ள சிறப்புப் பள்ளிகள் நகரத்தில்தான் இருக்கின்றன. டி.கல்லுப்பட்டியிலிருந்தோ கொட்டாம்பட்டியிலிருந்தோ ஒரு பிள்ளை அங்கே படிக்க வேண்டுமானால் பதினொரு வயதில் விடுதிக்குப் போக வேண்டும். ஏழெட்டு ஆண்டு கழித்து ஊருக்குத் திரும்பும்போது அந்த வயதுப் பையன்களில் ஒருவனுக்கும் அவனைத் தெரியாது. பிறகு அவன் வாழப் போவது அந்த ஊரில்தான். சைக்கிள் தூரத்தில் இருக்கும் பள்ளியில் உடன் படித்தவர்கள்தான் நாளைக்கு ரேஷன் கடையிலும் வங்கியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் அவனுக்கு எதிரே உட்காரப் போகிறவர்கள்.

இந்த விவாதத்தில் சாதனையாளர்களைக் கூப்பிடும் வழக்கம் ஒன்று உண்டு. பார்வையற்ற மதுரைப் பெண் பூரண சுந்தரி, 2019-ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்வில் இந்திய அளவில் 286-ஆம் இடம் பெற்றார். முடிவு வந்த நாளில் ஊரே பெருமைப்பட்டது, நியாயமான பெருமை. ஆனால் அவரைக் காட்டி உரிமை கேட்பது ஆபத்தானது. ஐ.ஏ.எஸ். ஆகக்கூடியவருக்கு மட்டும் பள்ளியில் இடம் என்று அது பொருள்படும். ரேங்க் வாங்காத, வாங்கவே முடியாத பிள்ளைக்கும் அதே பெஞ்சில் அதே உரிமை இருக்கிறது.

சட்டமும் அதன் ஓட்டையும்

‘சட்டம் இருக்கிறதே’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வதும் ஏமாற்று. 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசிடம் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும் தொடுகிறது. மெட்ரிக், சி.பி.எஸ்.இ., அரசு உதவி பெறும் பள்ளி என்ற வேறுபாடு அதில் இல்லை. பாகுபாடின்றிச் சேர்ப்பது, கட்டடத்தை அணுகத் தக்கதாக்குவது, கற்றல் குறைபாட்டை ஆரம்பத்திலேயே கண்டறிவது, பிள்ளைக்கும் தேவையானால் உடன்வருபவருக்கும் போக்குவரத்து என்று பட்டியல் நீள்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் அப்படி எந்தப் பள்ளிக்கும் விலக்கு எழுதவில்லை.

ஆனால், இந்தப் பள்ளிகளெல்லாம் உள்ளடக்கிய கல்வி தருவதற்கு அரசு முயல வேண்டும் என்பதோடு அந்தப் பிரிவு நின்றுகொள்கிறது. முயன்றோம், முடியவில்லை என்று கோப்பை மூட அது வழி வைத்திருக்கிறது. இத்தாலியில் இதே போன்ற நிலை இருந்தது. 1977-இல் அங்கே தனி வகுப்புகளை ஒழித்துத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். மேல்நிலைப் பள்ளியைப் பொறுத்தவரை, சேர்க்கையை எளிதாக்குவோம் என்ற 1971-ஆம் ஆண்டின் வாக்குறுதி மட்டுமே இருந்தது. 1987-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்டு, எளிதாக்கினால் போதாது, சேர்க்கையை உறுதி செய்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேல் வகுப்புகள் மட்டும் வேறு என்ற நம் ஊர் வாதத்தை ஒரு நாடு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றத்தில் வைத்து முடித்துவிட்டது.

பள்ளியைப் பார்ப்பது எப்படி

பெற்றோரிடமும் ஒரு பொதுப்புத்தி இருக்கிறது: பெயர் பெற்ற பள்ளி என்றால் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ளும். ரிசல்ட்டால் பெயர் பெற்ற பள்ளிக்கு அந்த ரிசல்ட்டைக் காப்பதுதான் முதல் வேலை. பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பள்ளியோ பழைய எய்டெட் பள்ளியோ, வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாதது. அங்கே வட்டார வள மையத்தோடு தொடர்பு இருக்கும். மருத்துவ முகாம் நடக்கும்போது தகவலும் வரும். எல்லா அரசுப் பள்ளியும் நல்லது என்று சொல்லவில்லை. ஃபிளெக்ஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

சேர்க்கை நாளன்று போகாமல், சாதாரண வேலைநாளில் மதிய இடைவேளை நேரத்தில் போங்கள். பிள்ளைகள் விளையாடும்போது யாராவது ஓரமாகத் தனியே நிற்கிறார்களா, அதை ஆசிரியர் யாராவது கவனிக்கிறார்களா என்று பாருங்கள். சாய்தளம் இருந்தால் அதன் நீளத்தைப் பாருங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும், அதற்குக் குறைவென்றால் ஃபோட்டோவுக்காகக் கட்டியது. கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்புமா என்று பாருங்கள். தலைமையாசிரியர் உங்களிடம் மட்டும் பேசுகிறாரா, பிள்ளையிடமும் பேசுகிறாரா என்று கவனியுங்கள்.

கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: இப்படிப்பட்ட பிள்ளைகள் இப்போது ஒன்பதிலும் பத்திலும் எத்தனை பேர்? ஆறாம் வகுப்பில் நால்வர் இருந்து பத்தில் ஒருவரும் இல்லையென்றால் அந்தப் பள்ளியைப் பற்றி வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு, சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு எத்தனை பேருக்குக் கூடுதல் நேரத்துக்கும் எழுதுபவருக்கும் விண்ணப்பித்தார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் பக்கத்து வேலையும் இருக்கிறது. சான்றிதழைப் பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடாதீர்கள். கற்றல் குறைபாட்டுக்கான 2018-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி, எட்டு வயதில் முதல் சான்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடும் என்று வகுத்தது. 14 என்பது சரியாக ஒன்பதாம் வகுப்பு. அந்த ஆண்டில் பெரியாஸ்பத்திரிக்கு அலைய நேரும் என்பதை முன்பே தெரிந்துவைத்திருங்கள். பெண் குழந்தையென்றால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாதம் 200 ரூபாய் உதவித்தொகை உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள்.

செய்ய வேண்டியது

அரசுக்குச் செலவே இல்லாத ஒரு கோரிக்கையை வைக்கிறேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது. யார் எந்தப் பள்ளியில் சேர்ந்தார், எப்போது விலகினார், அவர் மாற்றுத்திறன் மாணவரா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தேர்ச்சி சதவீதத்தை வெளியிடும் நாளிலேயே, ஒவ்வொரு பள்ளியிலும் ஆறாம் வகுப்பில் சேர்ந்த மாற்றுத்திறன் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்ற எண்ணிக்கையையும் வெளியிடட்டும். பெயர் வேண்டாம், எண் போதும். ஆய்வுக் கூட்டத்தில் ஃபெயிலானவர்களைப் பற்றிக் கேட்பதுபோல், காணாமல் போனவர்களைப் பற்றியும் கல்வி அலுவலர்கள் கேட்கட்டும். கேட்கப்படும் என்று தெரிந்தால் டி.சி. எழுதும் கை கொஞ்சம் தயங்கும்.

பெற்றோருக்கு ஒன்று. ஆறாம் வகுப்பில் சேர்க்க நுழைவுத் தேர்வோ நேர்காணலோ வைப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி குற்றம். முதல்முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். எந்த வகுப்பானாலும், ‘உங்கள் பிள்ளைக்கு இங்கே செட் ஆகாது’ என்று சொன்னால், கோபப்படாமல் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த நிமிடத்திலேயே பேச்சின் தொனி மாறிவிடும். மாறாவிட்டால் அந்தத் தாளையோ, தர மறுத்த நாளையும் நேரத்தையும் குறித்த உங்கள் மனுவையோ முதன்மைக் கல்வி அலுவலரிடமும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்களோடு விசாரிக்கக்கூடிய மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் அனுப்புங்கள். உயர் நீதிமன்றக் கிளையும் நம் ஊரிலேயே இருக்கிறது.

எந்தப் பள்ளி தன் பிள்ளைக்குப் பொருந்தும் என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உண்டு. எந்தப் பிள்ளை தனக்குப் பொருந்தும் என்று முடிவு செய்யும் உரிமை எந்தப் பள்ளிக்கும் கிடையாது.